தையலக்காவின் எருக்கந்தோட்டம்

தையலக்காவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. தெருவே சொல்லும். அவள் வீட்டுத் தோட்டம் வெறும் மணல். நாள் முழுக்க வெயில் மண்டையைப் பிளக்கும். ரோஜா வைத்தாள், கருகியது. கத்தரி வைத்தாள், அதுவும் போயிற்று. கடைசியில் மதிலோரம் தானாகவே ஒரு எருக்கு முளைத்தது. அதன் இலைக்கடியில் ஒரு பட்டாம்பூச்சி முட்டை வைப்பதைத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துக்கொண்டது. எருக்கு மாதிரி பால் வடியும் செடியைத் தவிர வேறெதையும் அந்தப் புழு வாயில் வைக்காது என்று தெரிந்ததும், தோட்டம் முழுக்க இனி எருக்குதான் என்று முடிவுகட்டினாள். அந்தச் செடியைச் சுற்றித் தானாக முளைத்த கன்றுகளையெல்லாம் பிடுங்காமல் வளர்த்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டுக்காரருக்கு வேலையே பூச்சி மருந்து அடிப்பது. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்.

போன வருஷம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். எருக்கிலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்தார் மனுஷன். ஆசையாக வளர்த்தாளே, வந்தால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மருந்தை அடித்துவிட்டார். அவள் திரும்பி வந்தபோது வரிப்புழுக்கள் செடிக்கடியில் சுருண்டு கிடந்தன.

"இலையைத் தின்னுச்சுங்க, அதான்..." என்று இழுத்தார்.

"தின்னட்டும்னுதானே வளர்த்தேன்!"

மருந்து ஏறிய செடி இனி ஆகாது என்று எல்லாவற்றையும் வெட்டிப் போட்டாள். அன்றிலிருந்து அவரிடம் சாப்பாடு, சாவி, அதற்கு மேல் பேச்சில்லை.

வெளியே நின்ற ஒரு செடியைத் தோண்டி வந்து நட்டுப் பார்த்தாள். ஆணிவேர் பாதியில் அறுந்து, செடி தலை தொங்கிவிட்டது. சரி, விதைதான் வழி. ஆனால் எருக்கங்காய் வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடுமே? வெட்டுத்துணியில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்து, ரயில்பாதை ஓரத்துக் காய்களுக்கெல்லாம் மாட்டிவிட்டு வந்தாள்.

"என்னக்கா, எருக்குக்கு ஜாக்கெட் தைக்கிறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"இது கை இறுக்கமா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்து கொடுக்காது. உனக்கு இது எவ்வளவோ தேவலாம்."

விதை முளைத்தது. இந்தக் கோடையில் செடிகள் இடுப்புயரம். மறுபடியும் முட்டை, மறுபடியும் வரிப்புழு. அந்த நேரம் பார்த்து, வரிசை வீடுகள் அத்தனைக்கும் மருந்தடிக்க வீட்டுச் சொந்தக்காரர் ஏற்பாடு செய்தார். வந்து இறங்கியது யார்? அவள் வீட்டுக்காரரேதான், கூடவே ஒரு புது சூப்பர்வைசர். எந்தத் தெரு என்று வண்டியில் ஏறிய பிறகுதான் அவருக்கே தெரியும்.

தையலக்கா போட்டது போட்டபடி ஓடிவந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றாள். "என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும்."

சூப்பர்வைசர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஐயையோ, செடி பூரா புழு! நீ அடிப்பா, இந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மருந்துக்காரர் அசையவில்லை. "முடியாது சார்."

"ஏன் முடியாது? யார் வீடு இது?"

"என் வீடு."

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்ம ஆள் வீட்டுலயே புழுன்னு வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்யா!"

"ஏறட்டும் சார். போன வருஷம் நான்தான் கொன்னேன். இந்த வருஷம் என் கையால நடக்காது. அக்கம்பக்கத்து வீட்டுலயும் அடிக்க மாட்டேன், காத்துல இங்க வந்துரும். வேற ஆளை அனுப்பினாலும் இவகூட நானும் குறுக்க நிப்பேன்."

சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே நடையைக் கட்டினார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டை அகலத் திறந்தாள். "வாங்க, வந்து பாருங்க. ஒண்ணு கூடு கட்டியிருக்கு."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "வேணாம்மா, சட்டையெல்லாம் மருந்து. நீ பார்த்துச் சொல்லு. நான் இங்கயே நிக்கிறேன்."

அக்கா செடியருகே குனிந்து, தெருவில் நிற்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.