நான் கழுவி வைத்த போத்தல்

சேவியர் அண்ணன் போயிட்டார். நேத்து மத்தியானம், கேகாலை ஆஸ்பத்திரியில... ஹார்ட் அட்டாக்.

தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்ல செய்தி வந்த அரை மணி நேரத்துல வரிசையா கும்பிடு இமோஜி. "நல்ல மனிதர்", "ஈடு செய்ய முடியாத இழப்பு"... போட்ட ஆட்கள்ல பாதிப் பேர் அவரை "போத்தல் பைத்தியம்"னு கூப்பிட்டவங்க. இப்ப எல்லாருக்கும் அவர் சொந்தக்காரர்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க ரப்பர் தோட்டத்து பெக்டரியில ரப்பர் பால் நிறுக்கிற வேலை அவருக்கு. நான் பக்கத்து ஆபீஸ்ல கிளாக். பதினோரு வருஷம் ஒரே பிளாஸ்க்ல இருந்து பிளேன்டீ குடிச்சிருக்கோம்.

பெக்டரியில ரப்பர் கழுவின அசிட் தண்ணி ஓடையில போய் விழும். அதுக்குக் கொஞ்சம் கீழதான் நாங்க குடியிருக்கிற லயத்துக்கும் ஆபீஸுக்கும் தண்ணி எடுக்கிற டாங்கி. பிள்ளைகளுக்கு சொறி, வயித்துப்போக்குன்னு தோட்டத்து மேனேஜர் பெரிய துரைக்கு எத்தனை லெட்டர் குடுத்தோம். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு"ன்னு ஒரே பதில்.

அப்பதான் அண்ணன் யூடியூப்ல எதையோ பார்த்துட்டு, கடையில டொபி, மிட்டாய் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல் ரெண்டைத் தூக்கிட்டு வந்தார்.

அடியில ஓடை மணல், ஒரு பிடி சேறு, நாலு சருகு, கொஞ்சம் பாசிக்கொடி. மூணு நத்தை. நகத்தளவு கூட இல்லாத கூனி இறால், உசிரோட ஒரு பத்து. ஒரு போத்தல்ல பெக்டரிக்கு மேல எடுத்த தண்ணி, இன்னொண்ணுல கீழ எடுத்தது. மேல கொஞ்சம் காத்துக்கு இடம் விட்டு, மூடியைச் சுத்தி மெழுகு ஊத்தி அடைச்சார்.

"சாப்பாடு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் போடக்கூடாது தங்கச்சி. பாசி காத்து குடுக்கும். நத்தை சருகைத் திங்கும். அது பீ பாசிக்கு உரம். நம்ம கை படாம இருந்தா அதுங்க பாட்டுக்கு இருக்கும்."

நேரா வெயில் விழாத ஜன்னல் எங்க ஆபீஸ்லதான் இருந்தது. அங்க வச்சார். கீழ்த்தண்ணிப் போத்தல்ல ரெண்டாம் நாளே எல்லாம் வெளுத்துப் போய்க் கிடந்தது. மேல்தண்ணிப் போத்தல்... ஏழு மாசம். கூனி குஞ்சு கூட பொரிச்சது.

பெரிய துரை பார்த்துட்டு "மெயாட்ட பிஸ்ஸு"ன்னு சிரிச்சார். சிங்களத்துல, இவனுக்குப் பைத்தியம்னு. நாங்களும் சிரிச்சோம். துரை சிரிச்சா சிரிக்கணும்ல.

அண்ணன் விடலை. கேகாலைக்கு நடையா நடந்து, தண்ணி பரிசோதிக்கிற ஆபீசர் ஒருத்தரை வரச் சம்மதிக்க வச்சார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாரேன்னு அவர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைன்னா எங்க ஆபீஸ்ல தராசு, கம்ப்யூட்டர், பால் வாளி எதையும் விடமாட்டோம். கழுவித் துடைச்சு சந்தனம் குங்குமம் வைப்போம். அண்ணன் வேதக்காரர், கிறிஸ்தவர்; அன்னைக்கு லீவு.

அவரோட ஆயுதம் இதுதானேன்னு நான்தான் அந்த மேல்தண்ணிப் போத்தலை எடுத்தேன். பச்சையா பாசி பிடிச்சு அசிங்கமா இருந்தது. நாளைக்கு ஆபீசர் வேற வாரார்...

மெழுகைச் சுரண்டித் திறந்தேன். அழுக்குத் தண்ணியைக் கொட்டி, உள்ள தேய்ச்சு, ஆபீஸ் பின்னால இருக்கிற பைப்புல நிரப்பி, எடுத்து வச்சிருந்த கூனி, நத்தையைத் திரும்ப விட்டேன். வெளியில மூணு விரல் சந்தனம், நடுவுல குங்குமம். பார்க்க அவ்வளவு அழகு.

மறுநாள் காலையில ஒண்ணு கூட உசிரோட இல்லை.

அண்ணன் வந்து பார்த்தார். கத்துவார்னு நினைச்சேன். "எந்தப் பைப்புத் தண்ணி?"ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன்.

போத்தலைத் திரும்ப ஜன்னல்லயே வச்சார். "சரி தங்கச்சி. இதை விடப் பெரிய சாட்சி வேணாம். ஆபீசர்கிட்ட இதை மட்டும் சொல்லிரு. நாம குடிக்கிற பைப்புத் தண்ணின்னு சொல்லிரு."

ஆபீசர் வந்தார். பக்கத்துலயே துரை. போத்தல்ல தண்ணி மாறிப் போச்சுன்னு அண்ணன் சொன்னார். "கவுத வத்துர மாரு கெரே?"ன்னார் ஆபீசர். யார் தண்ணி மாத்தினதுன்னு. அண்ணன் என்னைப் பார்த்தார்.

எங்க அப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டின ஆள். எங்க லயத்துல இருந்து அந்த ஆபீஸ் நாற்காலிக்குப் போன முதல் பொம்பளை நான். இதை நியாயம்னு சொல்ல வரலை.

"தன்னே நே சேர்"னேன். தெரியாதாம் எனக்கு. நாக்கு கொஞ்சம் கூட குழறலை.

"மேல் தண்ணி, கீழ் தண்ணி ரெண்டுலயும்தானே செத்திருக்கு"ன்னார் துரை. ஆபீசர் அதையே எழுதிக்கிட்டு, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போனார். அதுவும் அந்தப் பைப்புத் தண்ணிதான்.

அண்ணன் என்னைத் திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். மறுநாளும் பிளாஸ்க் கொண்டு வந்தார். "சீனி போதுமா தங்கச்சி?"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் நாலு வருஷம் அப்படியே கேட்டார்.

இன்னைக்கு செத்த வீட்டுக்குப் போனேன். துரை பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். வெட்கம் கெட்ட வளையம்... நான் மட்டும் என்ன யோக்கியம், நானும் ஒரு மாலையோடதான் போனேன்.

அண்ணன் சம்சாரம் மேரி அக்கா ஜன்னல்ல இருந்து ஒரு போத்தலை எடுத்து என் கையில குடுத்தாங்க. பாசி, நத்தை, கூனி... எல்லாம் உசிரோட. "ஒனக்குத்தான் செஞ்சு வச்சிருந்தாரு. குடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தாரு, பிள்ளை."

மூடியில பிளாஸ்டர் ஒட்டி, அவரோட கோணல் எழுத்து. "தங்கச்சி, கழுவாத."

பைப்பு இன்னும் அதே பைப்பு. நானும் இன்னும் அதே நாற்காலியிலதான்.

ஆபீசர் கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன். வேணுங்கிறவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க, துரைகிட்டயும் காட்டுங்க. தண்ணி மாத்தினது நான். ஊத்தினது ஆபீஸ் பைப்புத் தண்ணி.

சொல்லிட்டேன் அண்ணே. போயிட்டு வாங்க.