நாய்க்கு அடுத்த வரி

புதன்கிழமை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குத்தான் கிளப்.

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற ரோட்டில், கடல் பக்கம், கேட் போட்ட ஒரு பெரிய வீடு. மூன்று வருஷம் அங்கே சமையல் வேலை செய்தேன். அந்த வீட்டு ஐயா வெளிநாட்டுக்காரர். கார் கம்பெனியில் பெரிய உத்தியோகம். அவர் மனைவியை நாங்கள் மேடம் என்போம். புருஷனுக்குக் கிடைத்த விசாவில் பெண்டாட்டி இங்கே வேலை பார்க்கக் கூடாதாம். அதனால் மேடம் கிளப்பில் சேர்ந்திருந்தார்.

கிளப் என்றால் கட்டடம் கிடையாது. இப்படிப் புருஷன் வேலைக்காக வந்த பெண்கள், ஐந்தாறு நாட்டுக்காரர்கள், முப்பது பேர் இருப்பார்கள். புதன்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவார்கள். காலை பத்து மணிக்கு வந்தால் மூன்று மணி வரை. காபி, கேக், பேச்சு. பாதிப் பேச்சு அவரவர் வீட்டு வேலைக்காரர்களைப் பற்றி. எனக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துப் பேசுவார்கள். நான் ஐந்தாவது வரைதான். ஆனால் மெய்ட் என்றால் யார் என்று தெரியும். அதற்கப்புறம் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றும் தெரியும்.

ஒரு வாரம் சீட்டாட்டம். ஒரு வாரம் துணியில் அச்சுக் குத்துவார்கள். ஒரு வாரம் யோகா. ஒரு தடவை மாமல்லபுரத்தில் கல் வேலைக்காரரிடம் போய் ஆளுக்கொரு பிள்ளையார் செதுக்கினார்கள். அரை நாளில் கை வலி வந்துவிட்டது. பாதியில் விட்ட பிள்ளையார் நாலு மேடம் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. அந்த வீட்டு நாய் அதன் மேல் காலைத் தூக்கும். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

பொங்கலுக்குப் புடவை. பதினெட்டுப் பேருக்கு நான்தான் கட்டிவிட்டேன். கொசுவம் பிடித்துச் செருகுகிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கையைத் தூக்கு என்றால் தூக்குவார்கள். ஒருத்தரும் குனிந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் இருக்கிற ஹாஸ்டலுக்குக் கலர் பென்சில் கொடுக்கப் போவார்கள். பென்சில் கொடுக்க பத்து நிமிஷம். போட்டோ எடுக்க ஒரு மணி நேரம். கேக்கும் தட்டும் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன்.

கிளப்புக்கு ஒரு தலைவி. உயரமான அம்மா. மற்றவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடுவார்கள். இவர் எட்டு வருஷமாக இங்கேயே இருந்தார். அதனால் எந்தக் கடையில் ரொட்டி, எந்த டாக்டர், எந்த வேலைக்காரி, எல்லாம் இவர் சொன்னதுதான்.

மேடம் வந்த முதல் வருஷம் தலைவி வீட்டில் கிறிஸ்துமஸ் சந்தை போட்டார்கள். பரிமாறுவதற்கு வேறு வேறு வீடுகளிலிருந்து எங்களை ஆறு பேரை அழைத்துப் போனார்கள். மத்தியானம் தலைவியின் மோதிரத்தைக் காணோம். கேட்டை மூடினார்கள். எங்கள் ஆறு பேரை மட்டும் கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். தலைவி தன் கையாலேயே என் பையைக் கவிழ்த்தார். டிபன் டப்பாவைத் திறந்தார். காலையில் நான் கொண்டுபோன சோறு சாப்பிட நேரமில்லாமல் அப்படியே இருந்தது. அதில் ஒரு ஸ்பூனை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

மோதிரம் அவருடைய பாத்ரூமில் சோப்புப் பெட்டியில் இருந்தது. அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தலைவியின் டிரைவர் மேடம் வீட்டு டிரைவரிடம் சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அடுத்த புதன்கிழமை ஆளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. நான் நாய்க்குப் போட்டேன்.

போன ஏப்ரலில் ஐயாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது. மேடம் அடுப்பங்கரைக்கு வந்து, "டோன்ட் வொரி. யூ, குட் ஹவுஸ்" என்றார். எந்த வீடு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஊரை விட்டுப் போனால் வீட்டுச் சாமானையெல்லாம் போட்டோ எடுத்து, லிஸ்ட் போட்டு, போனில் எல்லாருக்கும் அனுப்புவார்கள். வேண்டும் என்கிறவர்கள் சொல்லி வைக்க வேண்டும். கடைசி புதன்கிழமை விருந்து. சாமான்களின் மேல் பேர் எழுதின மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். விருந்து முடிந்ததும் எடுத்துப் போவார்கள்.

சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை டிரைவருக்கு. அதனால் அவருக்கும் லிஸ்ட் வந்தது. அவர் செய்யூர்க்காரர். வாய் ஓயாது.

"யக்கா, லிஸ்ட் வந்துகீது. கேக்கறியா?"

"எனக்கு மிக்சி குடுத்தா போதும்."

"மிக்சி போயிடுச்சி. நீயும் போயிட்டே."

"இன்னா சொல்றே?"

அவர் போனைப் பார்த்துப் படித்தார். "சோபா செட்டு. வாஷிங் மிஷினு. ஏசி நாலு. நாயி, ஆம்பளை, அஞ்சு வயசு, கடிக்காது. அதுக்கு அடுத்த வரி நீதான்."

"நானா?"

"குக். நேர்மை. மீனு நல்லா செய்யும். நாயோட பழகும். அதிகம் பேசாது."

"பேசாதுன்னுமா போட்டுகீறாங்க?"

"அதப் பாத்துட்டுதான் நாலு பேரு வோணும்னு கேட்டுகீறாங்க. நாய்க்கே ரெண்டு பேருதான்க்கா."

"உன்னிய போடலியா?"

"நானு கம்பெனி காரோட சேத்தி. என்னிய தனியா எடுக்க முடியாது." சிரித்தார்.

போனைக் காட்டினார். நான் அடுப்புப் பக்கம் குனிந்து நிற்கிற போட்டோ. எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது. அதன் மேல் சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. முடிந்துவிட்டது என்று அர்த்தமாம்.

"என்னிய யாரு எடுத்துக்கினது?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "அந்த மோதிரக்காரம்மாதான்க்கா" என்றார்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அந்த வீட்டுக்குப் போவதில்லை.

முடிவு பண்ணினால் ஆயிற்றா? அந்த ரோட்டில் கேட் போட்ட வீடுகளில் வேலைக்குப் போக லெட்டர் வேண்டும். கடைசியாக வேலை செய்த வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். லெட்டர் இல்லாவிட்டால் வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டான். வெளிநாட்டுக்காரர் வீடு என்றால் தலைவியை ஒரு வார்த்தை கேட்காமல் சேர்க்க மாட்டார்கள். மேடம் லெட்டர் கொடுத்தால் எனக்குப் பிழைப்பு. கொடுக்காவிட்டால் தலைவி வீடு. இல்லையென்றால் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வூட்டுக்கு வூடு வாசப்படிதான். சம்பளம் குடுக்கிறாங்க இல்ல? போய்ட்டு வா."

"அவ என் சோத்தக் கிளறினா."

"அது எப்பவோ நடந்தது. கவுரதய பாத்தா கஞ்சி கெடைக்குமா?"

"நீ போய் அவ வூட்ல உன் சோத்துப் பானைய தொறந்து காமி. அப்பறம் என்னிய போவச் சொல்லு."

அவர் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மேடத்திடம் லெட்டர் கேட்டேன். எனக்கு வீடுதான் பார்த்தாகிவிட்டதே, லெட்டர் எதற்கு என்று கேட்டார். பேச்சு சரியாகப் போய்ச் சேரட்டும் என்று டிரைவரைக் கூப்பிட்டேன்.

"நா செத்தாலும் அந்த வூட்டுக்குப் போவ மாட்டேன்னு சொல்லு."

அவர் இங்கிலீஷில் சொன்னார். மேடம் முகம் மாறவில்லை. தலையை ஆட்டி, என் தோளைத் தொட்டார்.

"இன்னாய்யா சொன்னே?"

"வூட்ல கொஞ்சம் கஷ்டம், தூரம் அதிகம்னு சொன்னேன்க்கா."

"நா இன்னா சொன்னேன், நீ இன்னா சொல்றே?"

"நீ சொன்னத அப்படியே சொன்னா எனக்கும் வேலை போயிடும்க்கா."

நானே சொன்னேன். "தட் மேடம் ஹவுஸ், நோ." அவ்வளவுதான் எனக்கு வந்தது. மேடத்துக்குப் புரிந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். தலைவியிடம் சொல்லியாகிவிட்டது, இப்போது மாற்ற முடியாது என்கிற மாதிரி என்னவோ சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். லெட்டர் வரவில்லை.

கடைசி புதன்கிழமை வந்தது. முப்பது பேருக்கு வஞ்சிரக் குழம்பு, வறுவல், சோறு. விடியற்காலையில் கோவளத்தில் நானே போய் மீன் பார்த்து வாங்கினேன். அவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். வீடு முழுக்க மஞ்சள் காகிதம். பீரோவைத் திறந்து பார்த்தார்கள். சோபாவில் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருத்தர் என் அடுப்பங்கரைக்கு வந்து, நான் அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்சியின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். மசாலா கையோடு நான் தள்ளி நின்றேன்.

தலைவி வந்தார். குழம்பை மோந்து பார்த்தார். "வெரி குட்" என்றார். பிறகு, "மண்டே. செவன் ஓ க்ளாக். ஓகே?"

"நோ, மேடம்."

அவர் சிரித்தார். எனக்குச் சம்பளம் போதவில்லை என்று நினைத்துவிட்டார். விரலைக் காட்டி இன்னும் ஓராயிரம் என்றார். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நன்றாகப் பேரம் பேசுகிறாள் என்று ஒருத்தர் சொன்னது எனக்குப் புரிந்தது.

"நோ மணி. ரிங்" என்றேன். என் விரலைத் தொட்டுக் காட்டினேன்.

"விச் ரிங்?"

நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. மோதிரம் ஞாபகம் இல்லை. என்னை நிற்க வைத்தது ஞாபகம் இல்லை. என் முகமே ஞாபகம் இல்லை. மூன்று வருஷமாக என் கையால் சாப்பிடுகிற பொம்பளை.

அதுவரைக்கும் எனக்குள் கொஞ்சம் பயம் இருந்தது. அது போய்விட்டது. வெறும் வெறுப்புதான் மிச்சம்.

"யூ ஆஸ்க் யுவர் டிரைவர்" என்றேன். திரும்பி மீனைப் புரட்டினேன்.  அவர் போனார். ஹாலில் பேச்சுச் சத்தம் குறைந்தது.

மேடம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. டிரைவரையும் கையோடு கூட்டிவந்தார். வேகமாகப் பேசினார். டிரைவர் இந்தத் தடவை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"எல்லார் முன்னாடியும் மானம் போச்சாம். அவங்க போற ஊர்லயும் இதே மாதிரி கிளப்பு கீதாம். அதுல சேத்துக்கணும்னா அந்த மோதிரக்காரம்மா எழுதிக் குடுக்கணுமாம். அங்க இவங்களுக்கு ஒருத்தரையும் தெரியாதாம்."

"அப்ப அவங்களுக்கும் லெட்டர் வோணும்."

"ஆமாக்கா. அவங்களுக்கும் லெட்டரு."

"அப்ப அவங்களுக்குத் தெரியும் இல்ல, லெட்டர் இல்லாங்காட்டி இன்னா ஆவும்னு. அதக் கேளு."

டிரைவர் கேட்டார். மேடம் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அவங்களும் பாவம், ஊர் விட்டு ஊர் வந்தவங்க என்கிறார்கள். அன்றைக்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

சமைத்ததைப் பரிமாறினேன். மீன் என்ன பாவம் செய்தது? தலைவி தட்டிலும் போட்டேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, சாவியை மேஜை மேல் வைத்தேன். நாய் கூடவே கேட் வரைக்கும் வந்தது. அதன் கழுத்துப் பட்டையிலும் ஒரு மஞ்சள் காகிதம். மேடம் மாடி ஜன்னலில் நின்றார். இறங்கி வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாசம் வீட்டில் இருந்தேன். இரண்டு கேட்டில் போய்க் கேட்டேன். ஒரு இடத்தில் லெட்டர் எங்கே என்றார்கள். இன்னொரு இடத்தில் பேரைக் கேட்டுவிட்டு உள்ளே போன் போட்டார்கள். வாட்ச்மேன் போனை வைத்துவிட்டு, "இங்க வேலை இல்லம்மா" என்றான். முந்தின நாள்தான் ஆள் வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். வீட்டுக்காரர் அந்த மூன்று மாசமும் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "கவுரதயில இன்னா குழம்பு வெச்சே இன்னிக்கி?" என்பார். ரசம் என்று சொல்லி ஊற்றுவேன்.

இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய கேண்டீனில் வேலை. கம்பெனி ஆட்களுக்குச் சமைத்து அனுப்புகிற இடம். காண்டிராக்டர் என்னிடம் லெட்டர் கேட்கவில்லை. ஒரு கூடை வெங்காயத்தைத் தள்ளி, கத்தியைக் கொடுத்தார். அரிந்தேன். நாளைக்கு வா என்றார். பஸ் மாறி மாறிப் போக வேண்டும். கால் வீங்குகிறது. சம்பளம் குறைவு. நல்ல வேலை என்று சொல்ல மாட்டேன்.

தலைவி வீட்டுக்கு எங்கள் தெருவிலிருந்தே ஒருத்தி போனாள். போகிறதுக்கு முன்னால் என்னை வந்து கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு மூணு புள்ளைங்கக்கா" என்றாள்.

"போ" என்றேன். வேறு என்ன சொல்வது?

காலையில் இரண்டு பேரும் ஒரே ஸ்டாப்பில் நிற்கிறோம். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கையைக் காட்டுவாள். நானும் காட்டுவேன். அந்த வீட்டைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பஸ் முதலில் வரும். ஏறிக்கொள்வேன்.