கோலா கெத்திலில் ஒரு ஜிப்சி பாவாடை

மலேசியாவின் கோலா கெத்தில் கடைத்தெருவில், அறுந்துபோன பை வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். தையற்கார அக்காவின் மகனைப் பள்ளியில் ஒருவன் 'கெலிங்' என்று கூப்பிட்டானாம். இந்தியர்களை மட்டம்தட்ட இங்கே சொல்லும் வார்த்தை அது. சொல்லும்போதே அவருக்குக் கோபத்தில் மூச்சு வாங்குகிறது.

"சும்மா விளையாட்டுக்குத்தானேங்கிறான் கூப்பிட்டவனோட அப்பன். விடுவேனா?"

எனக்கும் கொதிக்கிறது.

அடுத்து, மகளின் மாறுவேடப் போட்டிக்குத் தைக்கும் பூப்போட்ட பாவாடையைத் தூக்கிக் காட்டுகிறார்.

"ஜிப்சி லா. பர்ஸ் அடிக்கிற மாதிரி நடிக்கப் போறா."

இப்போது கொதிப்பு அவர் பக்கம் திரும்புகிறது.

"அக்கா, அவங்க ரோமா மக்கள். ஜிப்சின்னு சொல்லித்தான் அவங்கள ஐரோப்பாவுல ஊர் ஊரா விரட்டுனாங்க. அவங்கள்ல பல பேருக்கு அது நமக்குக் கெலிங் மாதிரி."

பாவாடையை இறக்குகிறார். என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"சும்மா விளையாட்டுக்குத்தானே தம்பி!"