ஹெலன் விட்டுக்கொடுக்காத கணக்கு

தேர்வாய் கண்டிகையில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றின் பேக்கிங் பிரிவில் ஹெலன் வேலை செய்தாள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தேறினால்தான் இயந்திரம் இயக்கும் வேலைக்கு மாற முடியும். முன்பே இருமுறை தவறியவள், முப்பத்து நான்கு வயதில் கவரைப்பேட்டை டுடோரியல் ஒன்றில் சேர்ந்தாள்.

அதை நடத்திய துளசிராமன் முதல் நாளே வழியைச் சொல்லிவிட்டார். "ஜியோமெட்ரி, கிராப் ரெண்டையும் போட்டுப் பழகுங்க. பாஸ் ஆயிடலாம். எக்ஸ், ஒய் கணக்குப் பக்கமே போவாதீங்க."

"ஏன் சார் போவக்கூடாது?"

"உங்களுக்கு வராதும்மா."

அந்தச் சொல் ஹெலனைச் சீண்டியது. புத்தகத்தோடு எழுந்து பலகையருகே போனாள். ஓர் ஈரிலக்க எண். இலக்கங்களின் கூடுதல் ஒன்பது. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் இருபத்தேழு கூடுகிறது. அந்த எண் யாது? முதல் இலக்கத்தை எக்ஸ் என்றும் அடுத்ததை ஒய் என்றும் வைத்தாள். எண்ணை எக்ஸ் கூட்டல் ஒய் என்றும், மாற்றிய எண்ணை ஒய் கூட்டல் எக்ஸ் என்றும் எழுதிக் கழித்தாள். பூச்சியம் இருபத்தேழுக்குச் சமம் என்று வந்து நின்றது.

"அப்போ பூச்சியம் மார்க்கு வாங்கிக்கினு, இருவத்தேழுன்னு ஊட்ல சொல்லிக்கலாம்க்கா!" என்றான் பின்வரிசை மோகன்ராஜ். வகுப்பே சிரித்தது.

துளசிராமன் பலகையைத் துடைத்தார். "இதோட மல்லுக்கட்டினா இந்தவாட்டியும் போயிடும்."

"போனா என் பரீட்சதானே சார் போவுது?"

மறுநாள் ஆலையில் பெட்டிக்குப் பத்தாகப் பேரிங் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிரம்பிய பெட்டிகள் நான்கு. வெளியே உதிரியாக இரண்டு.

"எத்தினிக்கா ஆச்சு?" என்று கேட்டாள் உடன் வேலை செய்யும் பூமிகா.

"நாப்பத்திரெண்டு" என்ற ஹெலன் அப்படியே நின்றுவிட்டாள். நான்கையும் இரண்டையும் கூட்டி ஆறு என்று சொல்லவில்லையே! முதல் இலக்கம் பெட்டியல்லவா? அது எக்ஸ் அன்று, பத்து எக்ஸ்.

தேநீர் இடைவேளையில் கழிவு அட்டையொன்றில் மீண்டும் போட்டாள். முப்பத்தாறு கிடைத்தது. திருப்பினாள், அறுபத்து மூன்று. கழித்தாள், இருபத்தேழு. சரியென்று சொல்ல எவரும் தேவைப்படவில்லை.

தேர்வில் எக்ஸ், ஒய் கணக்குகளையே முதலில் எழுதினாள். வரைபடத்தைக் கடைசியில் போட்டாள். தேர்ச்சியும் பெற்றாள்.

துளசிராமன் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு போட்டோ அனுப்பும்மா. டுடோரியல் பேனர்ல போடணும்."

"எக்ஸ், ஒய் நடத்துறீங்களா சார்?"

"அது எதுக்கும்மா இங்க படிக்க வர்றவங்களுக்கு?"

"நடத்தறப்போ கேளுங்க, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு ஹெலன் அழைப்பைத் துண்டித்தாள்.