வெளித்தேர்வாளர் தனியே எடுத்து வைத்த விடைத்தாள்

விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் ஆண்டில், நான் திருத்திய தாள்களைப் பார்க்க வெளித்தேர்வாளர் வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியை. அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நாங்கள் போட்ட மதிப்பெண் செல்லும். அன்று காலை லிங்கி வீட்டிலிருந்து வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே காரை எடுத்துவிட்டேன்.

தேறாதவர்களின் தாள்கள் அத்தனையையும் அவர் படித்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். மொத்தம் முப்பத்தாறு, தேற நாற்பது வேண்டும்.

மலேசிய ரப்பர் தோட்டத்து மக்கள் ஏன் நகரத்துக்குப் பெயர்ந்தார்கள் என்பது கேள்வி. அந்தத் தாளில் இருந்த விடை இதுதான்: நகரத்தை ஒட்டிய செண்டாயான் தொழிற்சாலைகளின் பஸ் தோட்டத்து வாசல்வரை வந்தது. முதலில் பெண்பிள்ளைகள்தான் ஏறினார்கள். ஷிப்ட் மாறி மாறிப் போய்வந்து அலுத்தபின் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தார்கள். பெற்றோர் பின்னால் போனார்கள்.

ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதி, இருபதுக்கு நான்கு போட்டிருந்தேன்.

“ஏன் நாலு?” என்று கேட்டார்.

“ஒரு புத்தகத்தக்கூட மேற்கோள் காட்டல, டாக்டர். தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே லா.”

“கேள்வியில மேற்கோள் கேட்டிருக்கீங்களா?”

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அதைத் தயாரித்தவளும் நான்தான்.

“நீங்க எந்த ஊரு?”

“லிங்கி எஸ்டேட், டாக்டர்.”

“அதான். நான் பினாங்கு டவுன்ல வளந்தவ. ஆம்பளைங்க வேல தேடிப் போனாங்க, குடும்பம் பின்னால போச்சுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். பொம்பளப் பிள்ளைங்க முதல்ல போனாங்கன்னு இதப் படிச்சித்தான் தெரிஞ்சிகிட்டேன்.”

எனக்கு முகம் சுட்டது. என் அக்காவே அப்படி பஸ் ஏறிப் போனவள்தான். வீட்டில் பார்த்த விஷயம் என்பதாலேயே அதை ஒரு விடையாக மதிக்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் கடிந்துகொள்ளவில்லை. “நீங்களே மறுபடி படிங்க. மார்க் நீங்கதான் போடணும். மத்த தாள்லயும் இந்தக் கேள்விய ஒரு தடவ பாத்திடுங்க லா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பதினொன்று போட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று. இன்னும் இரண்டு பேருக்கும் மதிப்பெண் கூடியது. அவர் திரும்பி வந்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

தாளில் எண் மட்டும்தான் இருந்தது. எழுதியது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கையால் ஒரு பிள்ளை தோற்றுப்போயிருக்கும். யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நல்லவேளை, போகவில்லை.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீடு திரும்பும் வழியில் தெமியாங்கில் ஒரு கடை முன் காரை நிறுத்தி இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பிறகு மூன்றாவதும் கேட்டேன்.