தேர் பார்க்காமல் திரும்பிய ஸ்கூட்டி

சென்ற வருடம் ஆடி மாதம், புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில் அம்மன் தேர் இழுக்கும் வெள்ளிக்கிழமை அன்று நடந்தது இது. எனக்கு அதற்கும் தெற்கே பாகூர் பக்கம். டாக்டர் பயணம் கூடாது என்றதால் என் மகளுக்குத் தலைப்பிரசவம் பெங்களூரிலேயே என்று முடிவாகியிருந்தது. இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் நிதானமாக லேகியம் கிளறி வைத்திருந்தேன். அன்று விடியற்காலை மருமகன் போன் செய்தார். சாயங்காலமே ஆபரேஷனாம். அம்மா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று மகள் ஒரே அழுகையாம்.

பஸ்ஸில் போனால் இருட்டிவிடும். புதுச்சேரியிலிருந்து மதியம் கிளம்பும் விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மருமகனே டிக்கெட் போட்டுவிட்டார்.

எங்கள் தெருவில் முதன்முதலில் விமானம் ஏறப்போகிறவள் நான். சும்மா விடுவார்களா? வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். வழியில் என் நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"பிளேன்ல ஒரு மணி நேரந்தானே அண்ணி. போற வழிதானே, ஆத்தா தேர ஒரு கண்ணு பாத்துட்டுப் போனா இன்னா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், கும்பிட்டுவிட்டுப் போகலாமே. பெங்களூர் தூரத்தைக் கணக்குப் போட்டோமே தவிர, தேருக்குப் போகும் வழியில் அரியாங்குப்பத்துக் கூட்டத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டத்தில் சிக்கிய வேன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நேரம் ஆக ஆக நான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன். பெங்களூரில் பிள்ளை காத்திருக்க, நான் இங்கே பலூன் கடைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

வேனை ஒட்டி ஒரு ஸ்கூட்டி நின்றிருந்தது. ஓட்டிவந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முன்கூடையில் அம்மனுக்கு மல்லிகைச் சரம். என்ன ஏது என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். சொன்னேன்.

"எறங்கி வா. ஏறுக்கா வண்டில. தேர் அடுத்த வருசமும் வரும்" என்றார்.

பெட்டி, லேகியம், முறுக்கு எல்லாம் வேனிலேயே கிடந்தன. கைப்பையோடு ஏறிக்கொண்டேன். சந்து பொந்தெல்லாம் புகுந்து, பாலம் தாண்டி, லாஸ்பேட்டை விமான நிலையத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் உள்ளே ஓடப்போன நேரத்தில் பூச்சரத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"புள்ளைக்கு வெச்சி வுடுக்கா. இதுவும் ஆத்தாவுக்குத்தான்."

கவுண்டர் மூடப்போகும் நேரத்தில் போய் நின்றேன். விமானத்தில் பயப்படக்கூட நேரமில்லை, அதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். மகளை உள்ளே அழைத்துப் போகும் முன் அந்தப் பூவை அவள் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் நிதானமாகத் தேர் பார்த்துவிட்டு, என் முறுக்கையும் தின்றுவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆடியில் வீராம்பட்டினம் போனபோது இரண்டு சரம் வாங்கினேன். ஒன்று பேத்தி பெயருக்கு. இன்னொன்றுக்குப் பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்களிடம், "போன வருசம் தேர் பாக்காம திரும்புன ஸ்கூட்டிக்காரம்மாவுக்கு சாமி" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் அது யார் பூ என்று ஆத்தாவுக்குத் தெரியும்.