சக்கரத்தில் வைத்த கை

பம்மல் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், சுவரோரமாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தபீதாளிடம் கிழிசலைப் பற்றிப் பொய் சொல்லித் தப்ப முடியாது. பஸ் கம்பியில் மாட்டினால் துணி 'ட' மாதிரி மூலையாகக் கிழியும். கையால் பிடித்து இழுத்தால் தோள் தையலோடு பிரியும். பதினொரு வருஷம் புருஷன் எட்மண்டிடம் அடி வாங்கி, தன் ரவிக்கைகளைத் தானே தைத்துக்கொண்டவளுக்கு இது தெரியாதா? அந்த ஆள் செத்த அன்று அவள் அழவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

வாடிக்கையாகத் தைக்கக் கொண்டுவரும் சத்யபிரியாவின் ரவிக்கைகள் எல்லாமே தோளில்தான் பிரிந்து வந்தன. "கதவுல மாட்டிக்கிச்சிக்கா" என்பாள். ஒருநாள் காலை வீங்கிய உதட்டோடு, பையும் கையுமாக வந்து நின்றாள். நாவலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், ஒரேயடியாக.

பையில் ஒரு கிழிந்த ரவிக்கை எட்டிப்பார்த்தது. தபீதாளுக்குத்தான் கை சும்மா இருக்காதே! "இன்னாத்துக்குக் கிழிசலோட போற? குடு, ரெண்டு நிமிசம்" என்று வாங்கி மிஷினில் வைத்தாள். அந்த ரெண்டு நிமிஷம்தான் வினையாயிற்று.

புருஷன் குமரேசன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். வந்த வேகத்தில் சத்யபிரியாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் நெற்றி பிளந்தது. இன்னொரு கையால் ரவிக்கையைப் பிடுங்கப் போனவன், ஊசிக்கு நேர் அடியில் விரலை வைத்தான். தைக்கிறவர்கள் யாரும் அங்கே விரலை வைக்க மாட்டார்கள்.

தபீதாள் பெடலை மிதித்தாள்.

ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியது. அவன் அலறிக்கொண்டு முடியை விட்டான். தபீதாள் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கைய இஸ்துடாத, ஊசி உள்ளயே ஒடிஞ்சிக்கும். நான் சக்கரத்தச் சுத்துனாதான் வெளிய வரும்."

"சுத்துடி!" மற்றொரு கையால் அவள் முகத்தில் குத்தினான். மறுபடியும் குத்தினான். முன்பல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். சக்கரத்தை அவள் விடவில்லை.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? ஆட்டோல ஏறு!" என்று சத்யபிரியாவைப் பார்த்துக் கத்தினாள்.

சத்யபிரியா ஏறிய ஷேர் ஆட்டோ முனை திரும்பி மறைந்த பிறகுதான் சக்கரத்தைச் சுற்றினாள். அப்போதுதான் ஸ்டாப்பில் நின்ற ஆம்பிளைகள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள். அதுவரை வேடிக்கை பார்த்த புண்ணியவான்கள்!

ரவிக்கையில் ரத்தக்கறை அலசியும் போகவில்லை. தைத்து முடித்து, சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். எட்டு மாதமாகிறது. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் தபீதாள் மிஷினை நிறுத்துவாள். சத்யபிரியா அவனிடமே திரும்பி வந்துவிட்டாளோ என்று இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள்.

ரவிக்கையைக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை. அப்படியென்றால் அவள் நன்றாக இருக்கிறாள்.